தலைக்கு ஒரு காசு

ஜனவரி 1, ஞாயிறு

உரக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சியின் படமும் அதைக் கொல்லும் மருந்தின் பெயரும் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை. சக்கரவர்த்திகள் கல்லில் எழுதினார்கள். நான் காய்ப்புழுவுக்கு மேலே எழுதுகிறேன்.

பிற்காலத்தில் சரித்திரம் எழுத வருகிறவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு பாரா. பெயர் பால்வண்ணன். வயது அறுபத்திரண்டு. பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருடம் நேரக் காப்பாளர். நான் விசில் ஊதாமல் எங்கள் சாலையில் ஒரு சக்கரம் உருண்டதில்லை. ஒருமுறை சூரியனே நாலு நிமிடம் தாமதமாக வந்து என்னிடம் காரணம் சொல்லிவிட்டுப் போனது. அதைப் பார்த்த கண்டக்டர் இறந்துவிட்டார், இல்லாவிட்டால் சாட்சி சொல்வார். மனைவி இல்லை, மக்கள் இல்லை. தங்கை கோமதியும் அவள் மகள் செண்பகவல்லியும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். செண்பகத்தின் புருஷன் பம்பாய்க்குப் போனான். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான். எட்டாவது படிக்கிற ஒரு பெண் அவளுக்கு.

இப்போது ஆவாரங்குளம் பேரூராட்சி நூற்றாண்டு விழாக் குழுவுக்கு நான்தான் செயலாளர். விழா பிப்ரவரி 26.

காலையில் கோமதி வீட்டிலிருந்து இட்லி வந்தது. பன்னிரண்டு சாப்பிட்டேன். கொடுத்து அனுப்பியதே ஏழுதான் என்கிறாள் செண்பகம்.

ஜனவரி 8, ஞாயிறு

பேரூராட்சி அலுவலக மாடியில் குழுக் கூட்டம். விழாவுக்கு ஒரு நினைவுக் காசு அடிப்பது என்று போன மாதமே முடிவாகிவிட்டது. பித்தளையில், பழைய எட்டணாவைவிடப் பெரிதாக, இரண்டாயிரம் எண்ணம். அதில் எதைப் பொறிப்பது என்பதுதான் இன்றைய பொருள்.

ஊரைத் தோற்றுவித்தவரின் படம் போடலாமென்றால் அப்படி யாரும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு காகிதம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கோட்டை கிடையாது. போர் நடக்கவில்லை. போர் நடத்த வந்த ஒரு பாளையக்காரன் நம் ஊரில் மோர் குடித்து, வயிறு குளிர்ந்து, சமாதானமாகித் திரும்பிவிட்டான் என்று சொல்லிப் பார்த்தேன். குறிப்பேட்டில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். கடைசியில் சேர்மன் அம்மா, தாம் கட்டிய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைப் போடலாமே என்றார். அந்த நிமிடத்தில்தான் எல்லோருக்கும் தொட்டியின் அழகு தெரிந்தது. ஒருபுறம் தொட்டி, மறுபுறம் ஆவாரம்பூ.

ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டருக்கு ஒரு சந்தேகம். "காசு அடிக்குறது கவர்மெண்டு வேலைல்லா? நம்மளத் தூக்கி உள்ள போட்டுட்டா?"

"உள்ள வாரம் ஒரு நாள் கோழி போடுதாங்களாம். நான் போறேன், நீரு வெளிய இருந்து சாமிய கும்பிடும்" என்றேன்.

பிறகுதான் வினை. வினை என்று ஏன் எழுதினேன், வெற்றி என்று இருக்கட்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் விழாவுக்கு வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்களாம். பத்திரிகை நிருபர் ஒருவர் கூட்டத்துக்கு வந்திருந்தார்; அவர்தான் அதைச் சொன்னார், உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"டம்ளர் வீட்டுக்கு ஒண்ணு. நம்ம காசு தலைக்கு ஒண்ணு. தொட்டில்ல கெடக்க பிள்ளையில இருந்து கட்டில்ல கெடக்க பெரியாளு வரைக்கும். பதினெட்டாயிரம் தலை, பதினெட்டாயிரம் காசு. எழுதிக்கிடும்."

அவர் எழுதிக்கொண்டார். கூரை அதிரக் கை தட்டினார்கள். இரண்டு ஓடு விழுந்தது. மாடிக்குக் கான்கிரீட் கூரைதான், இருந்தாலும் விழுந்தது.

ஜனவரி 10, செவ்வாய்

பத்திரிகையில் வந்துவிட்டது. ஆறாம் பக்கம். என் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டிருக்கிறார்கள்.

சேர்மன் அம்மா போனில் கேட்டார். "அண்ணாச்சி, பதினெட்டாயிரமா? நெசமாத்தான் சொன்னியளா?"

"நான் எப்பம்மா பொய் சொல்லிருக்கேன்?"

எதிர்ப்பக்கம் ஒரு இருமல் மட்டும் கேட்டது. பிறகு, "சரி, போஸ்டருக்குக் குடுத்துட்டேன். தலைக்கு ஒரு காசுன்னே போடச் சொல்லிருக்கேன்" என்றார். பித்தளைக்கு ஒரு நன்கொடையாளரைப் பிடித்துவிட்டாராம்.

ஜனவரி 23, திங்கள்

சுடலைமணி பட்டறைக்குப் போனேன். கதவுக் கீலும் தாழ்ப்பாளும் அடிக்கிற இடம். மூன்று வருடத்துக்கு முன் செண்பகத்தை அங்கே வேலைக்குச் சேர்த்ததே நான்தான். இன்று இந்த ஜில்லாவில் அவளைப் போல் பிரஸ் ஓட்ட ஆள் கிடையாது. ஜில்லா என்ன, ஜெர்மனியில் கிடையாது.

சுடலைமணி தலையைச் சொறிந்தார். "ரெண்டாயிரம்னா பேச்சு. பதினெட்டாயிரத்துக்கு ஒரு மாசமாவது வேணும் அண்ணாச்சி. டை இன்னும் வரலய."

அச்சை டை என்கிறார்கள். கோயம்புத்தூரில் வெட்டுகிறார்கள்.

பிப்ரவரி 3, வெள்ளி

டை வந்தது. தொட்டி, நாய்க்குடை மாதிரி இருக்கிறது என்று சேர்மன் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

சட்டை தேய்க்கக் கொடுத்தேன். ஐந்து.

பிப்ரவரி 17, வெள்ளி

டை மறுபடியும் வந்தது. இப்போது தொட்டி தொட்டியாகவே இருக்கிறது. விழாவுக்கு ஒன்பது நாள். பையில் போட்டுக் கட்ட இரண்டு நாள் போனால் ஏழு.

வேலையைப் பார்க்கப் பட்டறைக்குப் போனேன், டெப்போ காலத்துக் கைக்கடிகாரத்தோடு. பிரஸ் என்பது ஓர் இரும்பு யானை. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. செண்பகம் வலது கையால் ஒரு பித்தளை வில்லையைக் கீழ் அச்சில் வைப்பாள். பிறகு யானைக்கு இருபுறமும் உள்ள இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் யானை காலை இறக்கும். ஒரு கை மட்டும் அழுத்தினால் அசையாது. யானை மிதிக்கும்போது பாகனின் கை அதன் காலடியில் இருந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். ஆனால் அவனுக்கு நூற்றாண்டு விழா எதுவும் இல்லை போலிருக்கிறது.

ஒரு காசுக்குப் பன்னிரண்டு விநாடி. டீ, சாப்பாடு, கை ஓய்வு எல்லாம் போக நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறுதான் வருகிறது. பத்தாயிரம் சொச்சத்தில் நின்றுவிடும்.

ஏழாயிரத்துச் சொச்சம் தலைகள் என் கண்முன்னால் வந்து வரிசையில் நின்றன. எல்லாத் தலைக்கும் வாய் இருந்தது.

பிப்ரவரி 18, சனி

இன்று ஒரு சிறு யோசனை செய்தேன். காசுக்கு ஆறு விநாடி ஆகிவிட்டது. யோசனை என்ன என்பதை இங்கே எழுதவில்லை. பெரிய கண்டுபிடிப்புகளை நாட்குறிப்பில் எழுதுவது பாதுகாப்பில்லை.

செண்பகம் முதலில் கையை எடுத்துக்கொண்டாள். "வேண்டாம் மாமா. பயமா இருக்கு."

"ஏட்டி, தாய்மாமன் பக்கத்துல நிக்கும்போது என்னட்டி பயம்? எமனே வந்தாலும் டைம் கேட்டு உக்கார வெச்சிருவேன்லா."

சிரித்துவிட்டாள். சிரித்தால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம். சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். சுடலைமணி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார், உடனே டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். டெப்போவில் எண்ணுகிற அதே குரல். பட்டறையில் மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரே நாளில் இரண்டாயிரத்து எண்ணூறு.

மாலையில் வெற்றிலை போட உட்கார்ந்தால் பையில் ஒரு கொட்டைப் பாக்கு குறைகிறது. உயர்ந்த காரியத்துக்குப் போயிருக்கிறது.

பிப்ரவரி 20, திங்கள்

செண்பகத்துக்குக் கையில் அடி. பெரிய ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 21, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. அழைப்பிதழ் நாற்பது கட்டு வந்தது. மாவட்டத்திலிருந்து வருகிற சிறப்பு விருந்தினருக்குச் சால்வை வாங்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். குடை கம்பி உடைந்திருக்கிறது, ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

வலது கை. நாலு விரல். பெருவிரல் இருக்கிறது.

கோமதி ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. செண்பகத்தின் வளையல்களைக் கழற்றித் தன் கையில் போட்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க பக்கத்துலதான நின்னிய?"

"டீ குடிக்கப் போயிருந்தேன்."

டீ குடிக்கத்தான் போயிருந்தேன். இரண்டு நிமிடம்.

பிப்ரவரி 22, புதன்

சுடலைமணி ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனார்.

"நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராவ அண்ணாச்சி. பொத்தான்ல பாக்கு இருக்குல்லா, அத எடுக்கக் கூடாதுன்னுட்டாவ. போலீசு கதவப் பூட்டிட்டுப் போயிருக்கு."

நான் வெற்றிலைப் பையை இடுப்பில் இன்னும் உள்ளே செருகினேன்.

"யாரு வெச்சான்னு கேப்பாவ. நான் யாரச் சொல்ல? நான்தான் பாக்கவே இல்லய. கேஸ் ஆச்சுன்னா மெஷினுக்குச் சீலு. காசு பாதியில நிக்கும். விழாச் செயலாளரே கோர்ட்டுல நின்னா ஊருக்கு அசிங்கம்லா." என் தோளில் கை வைத்தார். "அந்தப் பிள்ளையே வேகத்துக்காக வெச்சுட்டேன்னு ஒரு எழுத்து குடுத்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல. அதுக்கு வேண்டியத நான் பாத்துக்கிட மாட்டனா?"

செண்பகத்தால் எழுத முடியாது என்பதால் நான் எழுதினேன். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். வாசித்துக் காட்டினேன். தலையாட்டினாள். தலையாட்டினாளா, வலியில் தலை அசைந்ததா என்றெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்க ஆஸ்பத்திரி இடமில்லை. இடது பெருவிரலை மையில் தொட்டு நான்தான் பிடித்து வைத்தேன். விரல் சுட்டது. காய்ச்சல்.

என் கையெழுத்து நன்றாக வந்திருந்தது. "அச்சடிச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றார் சுடலைமணி.

பிப்ரவரி 23, வியாழன்

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. வலது பொத்தானை அமுக்கியே வைத்திருந்த பாக்கை இடுக்கிலிருந்து குறட்டால் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார்.

"இங்க பாக்கு போடுறவங்க யாரு?" என்று கேட்டார்.

இந்த ஜில்லாவில் பத்து லட்சம் பேர் பாக்கு போடுகிறார்கள் என்றேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். பிறகு நான் எழுதிய காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். "அந்தம்மாவே சொன்னாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் நேர்ல கேக்கணுமே." கேளுங்கள் என்றேன். மயக்கத்தில் இருக்கிறாள் என்றும் சொன்னேன். அவருக்கு இன்னும் இரண்டு ஊரில் வேலை இருந்தது. மெஷினுக்குச் சீல் வைக்கவில்லை. பாக்கை எடுத்துவிட்டு முறைப்படி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வேறொரு பெண் உட்கார்ந்து ஓட்டினாள். இரண்டு கையாலும். பன்னிரண்டு விநாடி.

இன்று முதல் வெற்றிலை இல்லை. பல்வலி.

பிப்ரவரி 25, சனி

பதினோராயிரம்தான் தேறியது. திங்கட்கிழமை அடித்ததைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். இன்று போய்க் கேட்டால், "புளி போட்டுக் கழுவி எல்லாத்தோடயும் சேத்தாச்சே. பளபளன்னு இருக்கு. இப்ப எதுன்னு கண்டுபிடிக்க?" என்கிறார் சுடலைமணி.

பெண்கள் காசுகளைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஒரு காசைத் தன் பிள்ளையின் கன்னத்தில் வைத்து விளையாட்டுக் காட்டினாள். ஜில்லென்று இருக்கிறதென்று பிள்ளை சிரித்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

விழா.

ஒரு லட்சம் பேர் திரண்டார்கள் என்று எழுதத் தொடங்கினேன். இருக்கும், மூவாயிரம்.

முதல் காசைச் செண்பகத்துக்குக் கொடுப்பது என்பது என் ஏற்பாடு. ஊருக்காகக் காசு அடித்தவள், அவளைக் கௌரவிக்க வேண்டாமா? ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கி, சேர்மன் அம்மாவின் காரில் கூட்டி வந்தோம். கோமதி அவளுக்கு நீலப் பட்டுச் சேலை கட்டிவிட்டிருந்தாள். வலது கை முழங்கை வரை கட்டு. மைக்கில் நான்தான் அறிவித்தேன். வீரமங்கை என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கைதட்டல்.

சிறப்பு விருந்தினர் வெள்ளித் தட்டிலிருந்து காசை எடுத்து நீட்டினார். செண்பகம் இடது கையை நீட்டினாள்.

அவர் கை நடுவழியில் நின்றது. பழக்கம். ஆயிரம் மேடையில் ஆயிரம் பேருக்குக் கொடுத்த கை, இடது கையைக் கண்டால் தானாக நிற்கிறது. கட்டைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், நல்ல நாளில் என்ன செய்வது என்று பக்கத்தில் பார்த்தார். சேர்மன் அம்மா மெதுவாக, "அவங்க மாமாகிட்ட குடுத்துருங்கய்யா" என்றார். என் கையில் கொடுத்தார். நான் வலது கையால் வாங்கிக்கொண்டேன். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் செண்பகத்தின் இடது கை இன்னும் நீண்டபடி இருக்கும்.

காரில் திரும்பும்போது அவளிடம் காசைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீங்களே வெச்சுக்கோங்க மாமா. அடிச்ச கை போச்சு. வாங்கின கை இருக்குல்லா."

சிரித்தபடிதான் சொன்னாள். கோமதி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 2, வியாழன்

டீக்கடையில் ஒருவர் வழிமறித்தார். "தலைக்கு ஒண்ணுன்னீரு, என் தலை என்ன தலையில்லையா?" வீட்டில் ஆறு பேராம், இரண்டு காசுதான் கிடைத்ததாம். என் சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். செண்பகத்தின் காசு. சந்தோஷமாகப் போனார்.

மார்ச் 9, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. குடை ரிப்பேராகி வந்தது.

மார்ச் 15, புதன்

கோமதி வீட்டுக்குப் போனேன். செண்பகம் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். சோறு தட்டுக்கு வெளியே சிந்துகிறது. அவள் பெண் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தட்டிலேயே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள், அம்மா பார்க்காத நேரமாய்ப் பார்த்து.

பின்னல் போட, ரவிக்கைக் கொக்கி மாட்ட, எல்லாவற்றுக்கும் கோமதி வேண்டும். "எனக்கு அறுபது ஆகப் போவுது அண்ணே. எனக்கப்புறம் யாரு மாட்டிவிடுவா?" என்றாள். நான் ஒரு வேடிக்கை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என்ன வேடிக்கை என்று இப்போது நினைவில்லை.

"என்னண்ணே, வெத்தலையே போடக் காணும்?" என்று கேட்டாள்.

பல்வலி என்றேன்.

சுடலைமணி வேறு ஆள் எடுத்துவிட்டாராம். செண்பகம் யாரோ சொல்லிக்கொடுத்துத் தொழிலாளர் ஆபீசுக்கு நஷ்டஈடு மனுப் போட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

மார்ச் 29, புதன்

கோமதி ஆள் விட்டு அழைத்தாள். போனேன். ரெஜிஸ்தர் தபால் வந்திருந்தது. செண்பகம் அதைப் பிரித்து ஏற்கனவே படித்துவிட்டாள். காகித மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"அம்மைக்குப் படிச்சுக் காட்டுங்க மாமா. உங்க குரல்லதான் படிக்க நல்லா இருக்கும்."

மனு தள்ளுபடி. தொழிலாளி தாமே பாதுகாப்புச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்ததாக எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதால் நஷ்டஈடு பெறத் தகுதியில்லை. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம். இவ்வளவும் படித்தேன். நிறுத்தினேன்.

"அடியில ஒரு நகல் வெச்சிருக்காவ. அதயும் படிங்க."

நகல் என் கையெழுத்து. அச்சடித்த மாதிரி இருந்தது.

"'நான் சுய நினைவுடன் எழுதிக் கொடுப்பது. விரைவாக வேலை முடிக்கும் ஆர்வத்தினால்...'" என்று படித்தேன். தண்ணீர் கேட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"படிங்க மாமா."

"'...நானே யாருக்கும் தெரியாமல் வலதுபுறப் பொத்தானில் ஒரு கொட்டைப் பாக்கை வைத்து...'"

கோமதி இதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாக்குச் சங்கதி தெரியாது. மெஷினில் ஏதோ கோளாறு என்றுதான் அவளிடம் எல்லோரும் சொல்லி வைத்திருந்தோம். இப்போது தலையைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள்.

"எம் பிள்ள பாக்கு போட மாட்டாளே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் மிச்சத்தையும் படித்தேன், யாருக்கு என்று தெரியாமல். முடித்ததும் செண்பகம் காகிதத்தை இடது கையால் வாங்கி, தரையில் வைத்து, முழங்காலால் அமுக்கி மடித்தாள். உதவப் போனேன். "இருக்கட்டும்" என்றாள்.

மார்ச் 30, வியாழன்

கோமதி வீட்டிலிருந்து சாப்பாடு வரவில்லை.

மார்ச் 31, வெள்ளி

வரவில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை போனேன். இன்று ஞாயிற்றுக்கிழமை என்று அங்கே போனபிறகுதான் நினைவு வந்தது. முப்பத்திரண்டு வருடம் நாளும் நேரமும் பார்த்தவனுக்கு. ஞாயிறு என்று தெரிந்தேதான் போனேனோ என்னவோ. இதை அடித்துவிட வேண்டும்.

அடிக்கவில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

காலை பத்தேகாலுக்குச் செண்பகமே வீட்டுக்கு வந்தாள். கையில் கட்டு இல்லை. நான் முதல் தடவையாக அந்தக் கையைப் பார்த்தேன். எதனோடும் ஒப்பிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு கை. அதில் பெருவிரல் மட்டும் இருக்கிறது.

முழுநீள வெள்ளைத்தாள் நாலும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள். மேசையில் வைத்தாள்.

"ஆட்சேபம் எழுதணும். எனக்கு எடது கை எழுத்து இன்னும் வரல. நீங்க எழுதுங்க."

"வக்கீல் ஒருத்தர வெச்சு எழுதலாம் தாயி. சட்டப்படி..."

"அன்னைக்கு எழுதுனப்ப வக்கீலு இருந்தாரா மாமா?"

உட்கார்ந்தேன்.

"நான் சொல்லுதத மட்டும் எழுதுங்க. என் பேரு செண்பகவல்லி. சுடலைமணி பட்டறையில மூணு வருசமா பிரஸ் ஓட்டுனேன்."

எழுதினேன். 'மிகத் திறமையாக' என்று இரண்டு சொல் பேனாவிலிருந்து தானாக விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"நான் அதச் சொல்லலய. அடிங்க."

அடித்தேன்.

"பிப்ரவரி பதினெட்டாந்தேதி என் தாய்மாமன் பால்வண்ணன், வேகம் பத்தாதுன்னு சொல்லி, வலது பக்கப் பொத்தான்ல கொட்டப்பாக்கு வெச்சாவ. நான் வேண்டாம்னு சொன்னேன். முதலாளி பாத்துட்டு வெளிய போயிட்டாவ. அந்தப் பாக்கு அங்கயே இருந்துச்சு. இருவதாந்தேதி எனக்குக் காய்ச்சல். கை நடுங்குதுன்னு சொன்னேன். மாமா பக்கத்துலதான் நின்னாவ."

நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன்.

"டீ குடிக்கப் போயிருந்தேன்லா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. பஸ் வருமா வராதா என்று பார்க்கிற மாதிரி.

"கடியாரத்தப் பாத்து எண்ணிக்கிட்டு நின்னாவன்னு எழுதுங்க. ஏட்டி, இன்னும் ஒரு நூறு ஓட்டிட்டு வீட்டுக்குப் போன்னு சொன்னாவ. எண்பத்தி மூணு எண்ணும்போது கை போச்சு."

எண்பத்து மூன்றுதான். சரியாகச் சொன்னாள். நான் அதற்குப் பிறகும் எண்பத்து நாலு என்று சொல்லிவிட்டேன். அதை அவள் சொல்லவில்லை, ஆகவே மனுவில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரியில எழுதுனது நான் சொன்னதில்ல. எனக்கு வாசிச்சுக் காட்டுனது ஞாபகமில்ல. என் வெரலப் புடிச்சு வெச்சது மட்டும் ஞாபகம் இருக்கு."

அதையும் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. இதுவரை நான் எழுதியவற்றில் மிகச் சிறியது. வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். குரல் எங்கும் ஏறவில்லை, இறங்கவில்லை.

"இது போனா என்னாகும்னு தெரியும்லா தாயி? என் மேல கேஸ் வரும். வயசான காலத்துல..." என்றேன்.

"தெரியும் மாமா."

பேனாவை இடது கையில் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். பெருவிரல் வைக்க மறுத்துவிட்டாள். 'செ' மட்டும் நாலு தடவை முயன்றாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சாய்ந்து, ஒரு வரி முழுக்கப் பரவி, கடைசியில் ஒரு பெயராக நின்றது. கோமதி வாசலில் வந்து நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. உள்ளே வரவில்லை.

செண்பகம் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கீழ உங்க பேரப் போடுங்க."

'எழுதியவர்' என்று எழுதப் போனேன். மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் அடியில் அப்படித்தான் போடுவது வழக்கம்.

"எழுதியவர்னு வேண்டாம். செய்தவர்னு போட்டு, கீழ உங்க பேரு."

போட்டேன்.